“நீங்களே முடிவெடுங்கள்” என்று சொன்னேன், ஒருவரும் எடுப்பதில்லை

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். அப்பா தொடங்கியது, சில ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 140 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஒடிசா, பீகார் ஆட்கள். தையலில் ஒரு பகுதி காண்ட்ராக்டர் மூலம் நடக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மேலாண்மைப் பயிற்சிக்குப் போயிருந்தேன். பணியாளர்களுக்கு அதிகாரம் கொடுத்தால்தான் நிறுவனம் வளரும் என்றார்கள். எனக்கும் அது சரியென்று பட்டது. ஆயுத பூஜை அன்று எல்லோரையும் கூட்டி, “இது உங்கள் கம்பெனி. இனி எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்க வேண்டாம், நீங்களே முடிவெடுங்கள்” என்று பேசினேன். வாசலில் அதையே பலகையாக எழுதி மாட்டினேன். ஆலோசனைப் பெட்டியும் வைத்தேன்.

அடுத்த மாதம் நான் டெல்லியில் இருந்தபோது, அப்பா காலத்திலிருந்து இருக்கும் கட்டிங் மாஸ்டர், ஓர் ஆர்டருக்காகத் தனித்தனியாகச் சாயமேற்றி வந்த இரண்டு லாட் துணிகளைக் கலந்து வெட்டிவிட்டார். உடலுக்கும் கைக்கும் நிறம் லேசாக வேறுபட்டு, 4,000 பீஸ் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றுபோனது. தேதி தவறிவிடும் என்று வெட்டினேன் என்கிறார். பையர் ஏற்கெனவே ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோபத்தில் எல்லோர் முன்பும் திட்டிவிட்டேன். அதிலிருந்து ஊசி வாங்குவதற்குக்கூட என்னிடம் வருகிறார்கள். நாள் முழுவதும் போன். ஆலோசனைப் பெட்டியில் இதுவரை விழுந்தவை இரண்டே சீட்டுகள். இரண்டும் கழிப்பறை பற்றி! மாலையில் அப்பா வந்து உட்கார்ந்தால் அவரிடமும் போய் நிற்கிறார்கள். நம் ஆட்களுக்குப் பொறுப்பேற்கும் குணமே கிடையாதா? வெளியிலிருந்து ஒரு ஜெனரல் மேனேஜரைக் கொண்டுவரலாமா?

— ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பேச வேண்டும். பையர் ஏற்கெனவே ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார் என்கிறீர்கள். அது யாருக்குத் தெரியும்? உங்களுக்கும், அதிகம் போனால் பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும் தெரிந்திருக்கும். கட்டிங் மேசைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. மாஸ்டர் கையில் இருந்தது பழைய தேதி. சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்திருப்பார். பேக்கிங்குக்கு இத்தனை நாள், அயர்னிங்குக்கு, செக்கிங்குக்கு, தையலுக்கு இத்தனை நாள் என்று கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் ஒன்றும் இருந்திருக்காது. கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும், ஆர்டரில் கிடைக்கும் லாபம் அந்தச் செலவிலேயே கரைந்துவிடும் என்பது உங்கள் அப்பா காலத்திலிருந்து அங்கே நிற்பவருக்குத் தெரியாதா? அவர் காப்பாற்ற நினைத்தது உங்கள் பணத்தை. முடிவு தவறுதான். ஆனால் அவருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால், அதைப் பொறுப்பில்லாதவர் எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது.

“என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயுத பூஜை அன்று நீங்கள் பேசியது, இனி என்னைக் கேட்க வேண்டாம் என்று. அதை நம்பிய ஒரே ஆள் அவர்தான். நம்பியதற்கு என்ன கிடைத்தது என்பதை மற்ற 139 பேரும் நின்று பார்த்தார்கள். உங்கள் நிறுவனத்தின் உண்மையான விதி அன்றைக்குத்தான் அறிவிக்கப்பட்டது: முடிவெடுத்தால் திட்டு விழும், கேட்டுச் செய்தால் விழாது. இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பயிற்சி வகுப்பு தேவைப்படவில்லை. ஊசிக்கும் உங்களிடம் வருகிறவர்கள் மந்தமானவர்கள் அல்லர், கெட்டிக்காரர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதிகாரம் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, கொடுத்த பிறகு உங்கள் கையிலிருந்து எது போயிற்று? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா? முன்பு நீங்கள் மட்டும் செய்துவந்து, இப்போது நீங்கள் நினைத்தாலும் செய்ய முடியாதபடி வேறொருவர் கைக்குப் போய்விட்ட ஒரே ஒரு முடிவு? கடிதத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பேச்சு இருக்கிறது, பலகை இருக்கிறது, பெட்டி இருக்கிறது. இந்த மூன்றில் எதுவும் உங்களுக்குச் செலவு வைக்கவில்லை. கொடுத்தவருக்கு எதுவும் குறையவில்லை என்றால் வாங்கியவர் கையில் எதுவும் சேரவில்லை என்றுதான் பொருள். தொழிலாளர்கள் அதை முதலாளிகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சரி, எதைக் கொடுப்பது? பெரும்பாலான முதலாளிகள் “செய்து முடிக்கும்” அதிகாரத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் “நிறுத்தும்” அதிகாரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். நூலைக் கொடுத்துத் துணி ஓட்டி வாங்கும் நிட்டிங் கம்பெனிக்குப் போகும்போது கவனித்திருப்பீர்கள்: ஓர் இழை அறுந்தால் விளக்கு எரியும், மெஷின் தானாக நின்றுவிடும். ஏன் நின்றாய் என்று அதை யாரும் கேட்பதில்லை. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கிய தானியங்கித் தறியும் இப்படித்தான். நூல் அறுந்தால் நின்றுவிடும். கெட்ட துணியை நெய்துகொண்டே போவதைவிட நிற்பது மேல் என்பது அதன் கணக்கு. அந்தக் குடும்பம் பிறகு கார் தயாரிக்கப் போனபோது இதே கணக்கை மனிதர்களுக்கும் கொண்டுபோனது. டொயோட்டா ஆலைகளில் வேலை செய்பவரின் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். குறை ஒன்றைக் கண்டால் இழுக்கலாம். விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத் தலைவர் அந்த இடத்துக்கு வருவார். அந்த இடத்து வேலைக்கான நேரத்துக்குள் தீர்க்க முடியாவிட்டால் வரிசையே நிற்கும்.

கயிற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் இழுப்பவரைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். அதில் பாதிதான் விஷயம் இருக்கிறது. இழுத்தவுடன் ஒருவர் வந்து நிற்க வேண்டும், வருபவர் “யார் இழுத்தது?” என்று கேட்காமல் “என்ன ஆயிற்று?” என்று கேட்க வேண்டும். அந்த ஆள் வராவிட்டால் அது வெறும் கயிறு. உங்கள் பலகையின் கதையும் அதுதான்.

உங்கள் தொழிற்சாலையில் குறையை முதலில் காண்பவர் யார்? பெரும்பாலும் செக்கிங் மேசையில் இருக்கும் பெண். அந்த 4,000 பீஸில் முதல் கட்டு மேசைக்கு வந்தபோதே உடலின் நிறமும் கையின் நிறமும் ஒட்டவில்லை என்பது அவர் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். லேசான வேறுபாடுதான், ஆனால் நாள் முழுவதும் துணியைப் பார்ப்பவரின் கண்ணுக்கு அது தப்பாது. ஏன் சொல்லவில்லை? நிட்டிங் மெஷினுக்கு இருக்கும் உரிமை அவருக்கு இல்லை என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் பேச மாட்டார்கள்: பீஸ் ரேட், அதாவது தைத்து முடித்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி.

ஒரு பீஸை ஆல்டருக்குத் திருப்பி அனுப்பினால் அதைப் பிரித்துத் தைக்கும் நேரத்துக்கு டெய்லருக்குக் கூலி இல்லை. வரிசையை நிறுத்தினால் நின்ற நேரத்துக்கும் இல்லை. ஆகவே செக்கிங் பெண் கை தூக்கும் ஒவ்வொரு முறையும் எதிரில் இருக்கும் டெய்லரின் வாரக் கூலியில் கை வைக்கிறார். அந்த டெய்லர் அவர் ஊர்க்காரராக இருப்பார், ஒரே கம்பெனி வேனில் வருபவராக இருப்பார், சில சமயம் சொந்த அண்ணியாகக்கூட இருப்பார். உங்கள் நான்காயிரம் பீஸுக்காக அவர் ஏன் அந்தப் பகையைச் சம்பாதிக்க வேண்டும்? கூலிக் கணக்கை மாற்றாமல் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால் தொழிலாளர்களை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தியவர் ஆவீர்கள்.

இதற்கு வழி இருக்கிறது. கொஞ்சம் பணம் செலவாகும். குறை துணியிலோ கட்டிங்கிலோ இருந்து, அதனால் வரிசை நின்றால், நின்ற நேரத்துக்கு டெய்லர்களுக்கு மணிக் கணக்கில் கூலி கொடுங்கள். அவர்கள் செய்யாத தவறுக்கான ஆல்டர் வேலைக்கும் கூலி போடுங்கள். தையல் குறை டெய்லருடையதாகவே இருந்தாலும், முதல் சில பீஸிலேயே அவராக எழுந்து சொன்னால் அதற்குத் தண்டனை இருக்கக் கூடாது. கணக்குப்பிள்ளை முகம் சுளிப்பார். நின்றுபோன 4,000 பீஸின் கணக்கை அவர் முன் எடுத்து வையுங்கள்.

காண்ட்ராக்டரின் ஆட்களையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்களுக்குக் கூலி கொடுப்பவர் வேறொருவர் என்பதால் நீங்கள் தரும் உரிமை அவர்களிடம் போய்ச் சேராது. நிறுத்திய நேரத்துக் கூலியைக் காண்ட்ராக்டர் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே கூரையின் கீழ் பேசலாம் என்று ஒரு வரிசையும், வாயைத் திறக்கக் கூடாது என்று பக்கத்து வரிசையும் இருக்கும்.

இப்போது “நம் ஆட்களுக்குப் பொறுப்பேற்கும் குணமே கிடையாதா” என்ற கேள்வி. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. தொழிலாளர் உறவு கெட்டு, வேலைக்கு வராதவர்கள் பெருகி, தரமும் மோசமாகி, 1982-இல் அதை மூடினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து டொயோட்டாவுடன் கூட்டாக அதே இடத்தில் நும்மி என்ற பெயரில் மீண்டும் திறந்தார்கள். டொயோட்டா புதிய ஆட்களைத் தேடிப் போகவில்லை. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள்தான்; பழைய தொழிற்சங்கத்தையும் வைத்துக்கொண்டே தொடங்கினார்கள். அவர்களில் பலரை ஜப்பானுக்கு அழைத்துப் போய்ப் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த ஆலையிலிருந்து வந்த கார்கள் தரத்தில் பேர் வாங்கின. உதவாதவர்கள் என்று பெயர் வாங்கிய அதே ஆட்கள்தான் அவற்றைச் செய்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் இதைப் பார்த்துவிட்டுத் தன் மற்ற ஆலைகளுக்கும் கொண்டுபோக முயன்றபோது அது அவ்வளவு எளிதில் வேர் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கயிற்றைக் கட்டுவதற்கு ஒரு நாள் போதும்.

அமெரிக்கா வரை போகவும் தேவையில்லை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். கிராமங்களிலிருந்து வரும் இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி தருகிறார்கள். பார்வைப் பரிசோதனை, அறுவைக்கு முன் நோயாளியைத் தயார் செய்வது, அறுவை அரங்கில் உதவுவது என்று மருத்துவர் செய்தே ஆக வேண்டியது தவிர மற்றவற்றில் பெரும்பகுதி அவர்கள் கையில் நடக்கிறது. அறுவை மருத்துவர் ஒருவர் அத்தனை பேருக்கு அறுவை செய்ய முடிவது அதனால்தான். அந்தப் பெண்களிடம் யாரும் “இது உங்கள் மருத்துவமனை” என்று பேசிவிட்டுப் போகவில்லை. இந்த வேலை உன்னுடையது, இதை இப்படிச் செய்ய வேண்டும், இந்த எல்லைக்கு மேல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிக் கற்பித்ததும் எல்லை போட்டதும்தான் என்பது என் எண்ணம்.

இனி உங்களுக்கு வரும் போன்களுக்கு வருகிறேன். ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: யார் அழைத்தார், எதற்கு. வேறொன்றும் செய்ய வேண்டாம். வார முடிவில் உட்கார்ந்து பார்த்தால் அவை அனைத்தும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். உதிரிப் பொருள் வாங்குவது, லீவும் பர்மிஷனும், ஓவர்டைம், அடுத்து எந்த ஆர்டரை வரிசையில் ஏற்றுவது, ஜாப் ஒர்க்குக்கு எதை அனுப்புவது. ஒவ்வொரு வகையாக எடுத்து ஒருவர் கையில் நிரந்தரமாகக் கொடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு ஒன்று போதும்.

கொடுக்கும்போது எவ்வளவு வரை என்ற தொகையையும் சொல்லிவிடுங்கள். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை மேலாளரைக் கேட்காமல் செலவு செய்யும் உரிமை சாதாரண ஊழியருக்கும் உண்டு. பலரும் இந்தத் தொகையைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது தொகை பெரிதாக இருப்பது அல்ல, தொகை என்று ஒன்று இருப்பது. “பார்த்துச் செய்யுங்கள்” என்பதைவிடக் கொடுமையான கட்டளை தொழிற்சாலையில் வேறு இல்லை. எது வரை பார்க்கலாம் என்பது சொன்னவர் மனதில் மட்டும் இருக்கிறது. தாண்டிய பிறகுதான் அது எங்கே இருந்தது என்று மற்றவருக்குத் தெரிகிறது. ஊசி, பெல்ட், சின்ன உதிரிகள் என்றால் மெக்கானிக்குக்கு வாரம் 3,000 ரூபாய் என்று முடிவு செய்யுங்கள். தொகை உங்கள் வசதிப்படி இருக்கட்டும். மாத முடிவில் பில்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பில்லுக்கும் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. நூறு ரூபாய் அதிகம் கொடுத்து ஏதாவது வாங்கியிருப்பார். விட்டுவிடுங்கள். அந்த நூறு ரூபாயைப் பிடிக்கப் போனால் மறுநாளிலிருந்து போன் மறுபடியும் அடிக்கும்.

கட்டிங் மாஸ்டருக்கான எல்லையை நீங்கள் போடாமல் அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்: ஒரே லாட்டுக்குள் எந்த ரோலை முதலில் எடுப்பது, எத்தனை அடுக்கு விரிப்பது, யாரை எந்த மேசையில் போடுவது, எல்லாம் அவர் முடிவு. இரண்டு லாட்டை ஓர் ஆடையில் கலப்பது அவர் முடிவும் இல்லை, உங்கள் முடிவும் இல்லை. அது யாருக்கும் இல்லாத உரிமை. நிறத்தில் சந்தேகம் வந்தால் கத்தியை நிறுத்துவது அவர் உரிமை, அதனால் கப்பல் தேதி போனாலும் சரி. அந்தக் கடைசி வரியை எழுதும்போது உங்கள் கை தயங்கும். தயங்கினால்தான் உண்மையிலேயே எதையோ கொடுக்கிறீர்கள்.

ஆர்டர் தேதிகளைக் கட்டிங் மேசை அருகில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். தேதி மாறினால் அன்றைக்கே மெர்ச்சண்டைசர் அதைத் திருத்த வேண்டும். இது ஒன்று இருந்திருந்தால் உங்கள் கடிதமே வந்திருக்காது. எந்த மொழியில் எழுதுவீர்கள்? வாசலில் மாட்டிய பலகை தமிழில் மட்டும்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்கு ஆட்களிடம் “இது உங்கள் கம்பெனி” என்பதை அவர்கள் படிக்க முடியாத மொழியில் சொல்லியிருக்கிறீர்கள். தேதியும் எண்ணும் எல்லோருக்கும் புரியும்; மற்றதை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதித் தர அவர்களுக்குள்ளேயே ஆட்கள் இருப்பார்கள்.

சூப்பர்வைசர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை. அதிகாரம் கீழே இறங்கும்போது முதலில் இழப்பவர்கள் அவர்கள். இதுவரை வரிசையில் அவர்களுக்கு இருந்த மதிப்பே “முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்” என்ற வாக்கியத்தில்தான் இருந்தது. செக்கிங் பெண் நேரடியாக வரிசையை நிறுத்தலாம் என்றால் அவர்களுக்கு என்ன வேலை? பதில் சொல்லாமல் விட்டால் அவர்களே இதைச் சத்தமில்லாமல் கவிழ்த்துவிடுவார்கள். கை தூக்கியவரிடம் உடனே வந்து நிற்பது இனி அவர்கள் வேலை. அந்த வார உற்பத்தி எண்ணிக்கையை மட்டும் வைத்து அவர்களை அளப்பதை நிறுத்துங்கள். எத்தனை குறையை வரிசையிலேயே தீர்த்தார்கள் என்பதையும் பாருங்கள், அதற்கு ஊதியத்திலும் ஏதாவது சேருங்கள். பொறுப்பு மட்டும் ஏறி, சம்பளம் பழைய இடத்திலேயே இருந்தால் அதற்குப் பெயர் கூடுதல் வேலை.

அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். நான் எழுதும் எதுவும் அங்கே செல்லுபடியாகாது. பகலில் மெக்கானிக் எடுத்த முடிவை மாலையில் அப்பா மாற்றினால் அது சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் பூட்டை மாற்றிய மாதிரி. அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வந்து கேட்கிறார்கள், சொல்கிறார். கேட்பவரிடம் “அது மெக்கானிக்கின் முடிவு, அவரிடமே போ” என்று அவர் சொன்னால், உங்கள் பலகையைவிட நூறு மடங்கு வேலை செய்யும். அந்தத் தலைமுறையின் ஒரு சொல்லுக்கு இன்னும் அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அதை உங்கள் பக்கம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆலோசனைப் பெட்டியில் விழுந்த இரண்டு சீட்டுகளும் கழிப்பறை பற்றி என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பேரில் இரண்டு பேர் துணிந்து எழுதியிருக்கிறார்கள், அதுவும் தங்கள் உடம்போடு தொடர்புள்ள விஷயத்தை. என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கதவுத் தாழ்ப்பாளா, தண்ணீரா, இடைவேளையில் வரிசையில் நின்றே நேரம் போவதா, எதுவாக இருந்தாலும் இந்த வாரமே சரி செய்யுங்கள். யார் எழுதியது என்று விசாரிக்காதீர்கள். போதுமான, ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனியான கழிப்பறை வசதி 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே உங்கள் கடமைதான். அதைச் செய்துவிட்டுப் பெருமைப்பட எதுவும் இல்லை. ஆனால் எழுதினால் நடக்கிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். மூன்றாவது சீட்டு துணியைப் பற்றி வரலாம்.

பெட்டியை நம்பியே இருக்கவும் வேண்டாம். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு இருக்க வேண்டும் என்பது பழைய தொழில் தகராறுச் சட்டத்திலும் இருந்தது, 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. தொழிலாளர் தரப்புக்கும் நிர்வாகத் தரப்புக்கும் அதில் சம இடம். பெண்களின் பாதுகாப்புக்காக, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் இருந்தாலே உள்ளகப் புகார்க் குழு வேண்டும். ஒரு பெண் தலைமையில், பாதிக்குக் குறையாத பெண்களுடன், வெளியாள் ஒருவரையும் சேர்த்து. ஏற்றுமதி செய்கிறீர்கள், தொழிலாளர் நிலைமையைச் சோதிக்கும் சோஷியல் ஆடிட் நடக்கும், ஆகவே இரண்டு குழுக்களும் கோப்பில் இருக்கும். நான் கேட்பது, உறுப்பினர் யார் என்று ஓவர்லாக் வரிசையில் இருக்கும் பெண்ணைக் கேட்டால் பெயர் சொல்வாரா என்பதுதான். பல கம்பெனிகளில் ஆடிட்டர் வரும் நாளுக்கு முந்தைய மாலைதான் உறுப்பினருக்கே தான் உறுப்பினர் என்று தெரியவருகிறது. 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பெண் தொழிலாளியின் கொடூர மரணத்துக்குப் பிறகு, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும் ஆடை நிறுவனமும் சேர்ந்து செய்துகொண்டது. வரிசையிலேயே வேலை செய்யும் தொழிலாளர்களைக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்து, அத்துமீறலைக் கண்டால் புகாராக எடுத்துச் செல்லும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தார்கள். வேலையிடத்தில் பாதுகாப்பாக வாய் திறக்க முடியாத பெண், துணியின் நிறம் சரியில்லை என்று மட்டும் தனியாக வாய் திறந்துவிட மாட்டார்.

குறைதீர் குழுவின் தொழிலாளர் தரப்புக்குத் தேர்தல் வையுங்கள். நிர்வாகத்துக்கு வேண்டியவர் என்று பார்த்து நியமிக்காதீர்கள். உங்களுக்குப் பிடிக்காதவர் ஒருவர் கட்டாயம் ஜெயிப்பார். நல்லது, இத்தனை நாள் டீக்கடையில் பேசியதை இனி உங்கள் மேசையில் பேசுவார்.

மாஸ்டர் விஷயத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும், மறந்துவிடக் கூடாது. தனியாக அறைக்குக் கூப்பிட்டுத் தோளைத் தட்டினால் போதாது. திட்டு எங்கே விழுந்ததோ, யார் முன்னால் விழுந்ததோ, அங்கே, அவர்கள் முன்னால் சொல்லுங்கள்: “அவகாசம் கிடைத்ததை நான் உங்களுக்குச் சொல்லவில்லை மாஸ்டர். தெரிந்திருந்தால் நீங்கள் வெட்டியிருக்க மாட்டீர்கள். அது என் தவறு. லாட்டைக் கலந்தது உங்கள் தவறு. இனி இரண்டும் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.” நீளமாகப் பேச வேண்டாம். கூட்டம் கூட்ட வேண்டாம், இனிப்பு கொடுக்க வேண்டாம். காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் கட்டிங் மேசை அருகில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் உடனே எதுவும் சொல்லாமல் போகலாம். இரண்டு நாள் கழித்து ஏதோ சாக்கில் வந்து சொல்வார்.

முதலாளி இப்படிப் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நீங்கள் மட்டும் சொல்லாமல் இருப்பதால் எந்த மரியாதையும் கூடவில்லை. அவகாசம் கிடைத்த செய்தி அலுவலகத்திலிருந்து இதற்குள் வரிசைக்குப் போயிருக்கும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எந்தத் தவறுக்கும் விளைவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லைக்குள் எடுத்த முடிவு தவறாகப் போனால் அது நிறுவனத்தின் செலவு. தெரிந்தே எல்லையைத் தாண்டினாலோ, குறையைக் கண்டும் மறைத்தாலோ அது அவருடைய பொறுப்பு, நடவடிக்கை எடுங்கள். மாஸ்டர் விஷயத்தில் எல்லையே போடப்பட்டிருக்கவில்லை. அதனால்தான் அவர் பக்கம் பேசுகிறேன்.

ஜெனரல் மேனேஜர் வேண்டுமா? இப்போது வேண்டாம். நல்ல சம்பளம் கொடுத்து நல்ல ஆளாகவே கொண்டுவருவீர்கள். முதல் மாதம் அவர் சில முடிவுகளை எடுப்பார். ஒன்று தவறும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை அந்த 139 பேரோடு சேர்ந்து அவரும் பார்ப்பார். அதன் பிறகு ஊசிக்கு வரும் போன் மெக்கானிக்கிடமிருந்து வராமல் ஜெனரல் மேனேஜரிடமிருந்து வரும், அவ்வளவுதான். உதிரி, லீவு, ஓவர்டைம் இந்த மூன்றையாவது கைமாற்றிவிட்டு, மறுபடியும் பிடுங்காமல் ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் உங்கள் தலைக்கு மேல் வேலை இருந்தால், புதிய சந்தையைப் பிடிக்கவோ இன்னொரு யூனிட் தொடங்கவோ ஆள் தேவைப்பட்டால், தாராளமாகத் தேடுங்கள். தேடும்போது முதலில் உள்ளே பாருங்கள். மெர்ச்சண்டைசரிலோ சூப்பர்வைசர்களிலோ ஒருவர் அதற்குள் தெரிய ஆரம்பித்திருப்பார்.